பார்கின்சன் நோயில் தலைசுற்றல்: வீட்டு வைத்தியத்துக்கு முன் ஒரு அளவு எடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஆறு வருடங்களாகப் பார்கின்சன் நோய். லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை மூன்று வேளை, கூடவே பிரமிபெக்சோல் சாப்பிடுகிறார். பிரஷருக்கு நெடுநாளாக ஒரு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு இரவில் ஒன்று. மூன்று மாதமாக எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். காலையில்தான் அதிகம். இரண்டு முறை குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். மருந்துக் கடையில் தலைசுற்றலுக்கு என்று ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அதைத் தொடங்கியதிலிருந்து நடை இன்னும் மெதுவாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். உறவினர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி நல்லது, பக்கவிளைவே கிடையாது என்று வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரமாக அதையும் சாப்பிடுகிறார். இஞ்சிச் சாறு, அதிமதுரம், எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கொடுக்கலாம்? பார்கின்சன் மாத்திரைதான் காரணம் என்றால் அதைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃப்ளூனரிசின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று என்றால் அடுத்த வேளை கொடுக்காதீர்கள். தலைசுற்றலுக்கு என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே கதைதான்.

பார்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைகிறது. உங்கள் அப்பா சாப்பிடும் லெவோடோபா அந்தக் குறையை ஈடுகட்டுவதற்காக. நான் மேலே சொன்ன மருந்துகள் டோபமைன் வேலை செய்ய வேண்டிய இடத்தை அடைத்துவிடுகின்றன. நடை மெதுவாவது, உடம்பு இறுகுவது, முகத்தில் உணர்ச்சி குறைவது எல்லாம் அதனால் கூடும். பார்கின்சன் இல்லாதவர்களுக்கே இந்த மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் பார்கின்சன் போன்ற தொல்லைகள் வருவதுண்டு. உங்கள் சந்தேகம் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு சங்கடம், அப்பாவின் தலைசுற்றல் நான் நினைக்கும் வகை என்றால் இந்த மாத்திரைகளால் அது குறையப் போவதும் இல்லை. பீட்டாஹிஸ்டின் என்று எழுதியிருந்தால் அது டோபமைனைத் தொடாது, அந்த அளவில் பயமில்லை. ஆனால் அது காது சம்பந்தப்பட்ட சுற்றலுக்கான மருந்து. நின்றால் வரும் கிறுகிறுப்புக்கு அதனால் பயன் இல்லை.

அடுத்த அவசரம், உங்கள் கடைசிக் கேள்வி. பார்கின்சன் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டைபோல இறுகி, கடும் காய்ச்சலும் குழப்பமும் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிற நிலை ஏற்படலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. தலைசுற்றலில் இந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம் என்பது உண்மை. அதை எப்போது, எவ்வளவு மாற்றுவது என்பது மருத்துவர் போட வேண்டிய கணக்கு. பொதுவாக அந்த மாற்றம் பட்டியலின் கடைசியில்தான் வரும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, தலைசுற்றலுக்கு வருவோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நோயாளிகள் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்வார்கள். அப்பாவிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் எது என்று நீங்களே பாதி கண்டுபிடித்துவிடலாம். படுக்கையில் புரண்டு படுக்கும்போது, அண்ணாந்து பார்க்கும்போது அறையே சில வினாடிகள் ராட்டினம்போலச் சுழன்று நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் உட்காதில் உள்ள நுண்ணிய படிகங்கள் இடம் மாறுவதால் வருவது. வயதானவர்களில் சாதாரணமாகக் காணப்படும். தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்ளி முறையில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். வீடியோ பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். பார்கின்சனில் கழுத்து இறுகியிருக்கும், தெரிந்தவர் கை வைத்துச் செய்வதுதான் நல்லது.

தலைக்குள் ஒன்றும் இல்லை, ஆனால் திரும்பும்போது கால் பின்னுகிறது, யாரோ பின்னால் இழுப்பதுபோல இருக்கிறது என்றால் அது சுற்றல் அல்ல, தள்ளாட்டம். பார்கின்சனே சமநிலையைப் பாதிப்பதால் வருவது. அதற்குத் தேவை பிசியோதெரபி, திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பும் பழக்கம், மாத்திரையின் வேளைகளைச் சரிபார்த்தல். எந்தப் பொடியும் இதற்கு உதவாது.

மூன்றாவதுதான் நீங்கள் எழுதியிருப்பது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது, கால் துவள்வது, உட்கார்ந்தால் அல்லது படுத்தால் சரியாகிவிடுவது. சிலர் தலைசுற்றல் என்றே சொல்ல மாட்டார்கள். நின்றால் பிடரியும் தோள்பட்டையும் வலிக்கிறது, பார்வை மங்குகிறது, மனசு தெளிவாக இல்லை என்பார்கள். அதுவும் இதுதான். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது. பார்கின்சன் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு இது இருக்கிறது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் அழுத்த உணரிகள் அதை உடனே கவனித்து மூளைக்குத் தெரிவிக்க, தானியங்கி நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன, இதயமும் கொஞ்சம் வேகமெடுக்கிறது. ஓரிரு வினாடிகளில் முடிந்துவிடும் வேலை இது, நமக்குத் தெரிவதே இல்லை. பார்கின்சன் நோய் மூளையோடு நிற்பதில்லை. ரத்தக்குழாய்க்கும் இதயத்துக்கும் போகும் இந்த நரம்புகளையும் அரிக்கிறது. செய்தி போகிறது, சுருக்க வேண்டிய நரம்பு பலவீனமாக இருக்கிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

இதை உறுதி செய்ய ஸ்கேன் வேண்டாம். ஒரு டிஜிட்டல் பிரஷர் கருவி போதும். ஆனால் அளக்கும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. பல இடங்களில் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு முறை பார்த்துவிட்டு, பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்த அளவில் இது பிடிபடாமல் போய்விடும். அப்பா ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்கட்டும். பேச்சுக் கொடுக்காதீர்கள். படுத்தபடியே ஒரு அளவு எடுத்து, நாடித்துடிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையைக் கையிலிருந்து கழற்றாமல் அவரை எழுப்பி நிற்கவையுங்கள். நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. கை தொங்கிக்கொண்டிருந்தால் அளவு தவறாகக் கூடிக் காட்டும், முன்கையை மார்பு உயரத்துக்கு நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே செய்யுங்கள், இன்னொருவர் உடன் நிற்கட்டும். முகம் வெளுத்தாலோ பதில் சொல்லத் தடுமாறினாலோ அளவு கிடக்கட்டும், உடனே உட்காரவையுங்கள்.

மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10, அதற்கு மேல் குறைந்தால் அது நிற்கும்போது ஏற்படும் அழுத்தச் சரிவு. ஒரு பேச்சுக்கு, படுத்திருக்கும்போது 148/84, நாடி 72. மூன்றாவது நிமிடத்தில் 104/62, நாடி 78 என்று வைத்துக்கொள்வோம். மேல் அளவு 44 விழுந்திருக்கிறது, நாடியோ ஆறுதான் ஏறியிருக்கிறது. இவ்வளவு விழுந்தால் ஆரோக்கியமான நரம்புகள் இதயத்தை நன்றாகவே விரட்டியிருக்கும். நாடி ஏறாமல் அழுத்தம் மட்டும் விழுவது நரம்புக் கோளாறைக் காட்டும். மாறாக நாடி நன்றாக எகிறினால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா, ரத்தசோகையா என்று தேட வேண்டும். இந்த ஒரு எண்ணுக்காகவே நாடியையும் எழுதச் சொன்னேன்.

காலையில் எழுந்தவுடன் மாத்திரைக்கு முன், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பெரிய சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுத்தபின். நான்கைந்து நாளுக்கு இப்படிக் குறித்தால் எந்த நேரம் மோசம் என்று தெரிந்துவிடும். இரவுப் படுத்த அளவை மறக்காதீர்கள், அது ஏன் என்று பிறகு வருகிறது.

அப்புறம் மருந்துப் பட்டியல். அப்பா சாப்பிடும் மாத்திரைகளைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது பார்கின்சன் மாத்திரை அல்ல, மற்ற இரண்டும்தான். பிரஷர் மாத்திரை எப்போது தொடங்கியது? பார்கின்சன் வருவதற்கு முன்பு என்றால், அன்றைக்குத் தேவைப்பட்ட அளவு இன்றைக்கு அதிகமாக இருக்கலாம். வருடங்கள் போகப்போக இந்த நோயில் நின்றநிலை அழுத்தம் தானே இறங்குகிறது. மாத்திரையில் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் கலந்திருந்தால் இன்னும் மோசம். புராஸ்டேட்டுக்கான மருந்துகளில் ஆல்ஃபா தடுப்பான் வகை ரத்தக்குழாய்களையும் தளர்த்திவிடும். டாம்சுலோசினில் இது குறைவு, பிராசோசின், டெராசோசினில் அதிகம். ஏற்கெனவே சுருங்கத் தெரியாத குழாய்க்கு இவை வேறு. இரவில் அதைப் போட்டுக்கொண்டு, பின்னிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து போகும் முதியவர்தான் குளியலறை வாசலில் விழுகிறார்.

ஆகவே மருத்துவர்கள் வழக்கமாகப் பிரஷர் மாத்திரையிலும் புராஸ்டேட் மாத்திரையிலும்தான் முதலில் கை வைப்பார்கள். அடுத்தது பிரமிபெக்சோல் போன்றவை, இவை அழுத்தத்தை இறக்குவதில் கெட்டிக்காரர்கள். லெவோடோபாவைத் தொடுவது அதற்கெல்லாம் பிறகு. அதைக் குறைத்தால் தலைசுற்றல் கொஞ்சம் குறையலாம், ஆனால் கால் நகராமல் விழுவது கூடும். ஒரு விழுதலை விற்று இன்னொன்றை வாங்குவது மாதிரி ஆகிவிடும்.

இனி பூனைக்காலி. இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு வைத்தியத்தில் வெறும் நம்பிக்கையாக மட்டும் இல்லாமல் உள்ளே நிஜமாகவே சரக்கு இருக்கும் பொருள் இது. லெவோடோபாவை முதலில் ஒரு வகை அவரை இன விதையிலிருந்து 1913-இல் பிரித்தெடுத்தவர் மார்க்குஸ் குக்கன்ஹைம் என்ற வேதியியலாளர். அதில் இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். பூனைக்காலி விதையில் அதே பொருள் இருப்பதை 1937-இல் தாமோதரன், ராமசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். விதையின் எடையில் ஏறக்குறைய 3 முதல் 6 சதவீதம் லெவோடோபா. ஆக, உங்கள் உறவினர் கொடுத்த பொடியும் டாக்டர் எழுதிய மாத்திரையும் அடிப்படையில் ஒரே மருந்து. நான் அந்தப் பொடியை வேண்டாம் என்று சொல்வது அதில் மருந்து இல்லை என்பதால் அல்ல, இருக்கிறது என்பதால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிராம் பொடியில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை லெவோடோபா இருக்கலாம். வழக்கமான ஒரு மாத்திரையில் இருப்பது 100. அப்பா ஒரு நாளில் சாப்பிடும் லெவோடோபா எவ்வளவு என்று இப்போது அவருடைய டாக்டருக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது, பொடி தயாரித்தவருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விதைக்கு விதை, டப்பாவுக்கு டப்பா அளவு மாறும்.

அடுத்தது கார்பிடோபா. மாத்திரையின் பெயரில் இரண்டாவதாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது சும்மா இல்லை. லெவோடோபாவைத் தனியாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன் குடலிலும் ரத்தத்திலுமே டோபமைனாக மாறிவிடும். வெளியில் மாறிய டோபமைன் குமட்டலைத் தரும், ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும். குக்கன்ஹைமின் வாந்திக்குக் காரணம் அதுதான். கார்பிடோபா அந்த மாற்றத்தை வெளியில் தடுக்கிறது. அது சேர்ந்த பிறகு தேவைப்படும் லெவோடோபாவின் அளவே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பூனைக்காலிப் பொடியில் கார்பிடோபா கிடையாது. மாத்திரையை ஒட்டிய நேரத்தில் பொடியைச் சாப்பிட்டால், மாத்திரையில் இருக்கும் கார்பிடோபா பொடியின் லெவோடோபாவுக்கும் துணைபோய் அளவு எக்கச்சக்கமாக ஏறலாம். அப்போது கை கால் தன்னிச்சையாக நெளிவது, இல்லாத ஆள் தெரிவது போன்ற தொல்லைகள் வரும். மாத்திரையை விட்டு விலகிய நேரத்தில் சாப்பிட்டால் குமட்டலும் அழுத்தச் சரிவும் கூடும். எப்படிப் பார்த்தாலும் தலைசுற்றலுக்கு மருந்தாக இதைக் கொடுப்பது நேர்மாறான வேலை. இந்த விதையை வைத்து முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நடுக்கமும் இறுக்கமும் குறைவதைக் காட்டியும் இருக்கின்றன. ஆனால் அங்கே அளந்து, மருத்துவர் பார்வையில் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம்தான் ஆகிறது, டாக்டர் மாத்திரையும் தொடர்கிறது என்பதால் பொடியை நிறுத்துவதில் பெரிய சிக்கல் வர வாய்ப்பு குறைவு. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியபின் இறுக்கம் கூடினதுபோலத் தெரிந்தால், அப்பாவுக்கு அவ்வளவு கூடுதல் லெவோடோபா போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதுவும் அவருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். இஞ்சி குமட்டலுக்குக் கொஞ்சம் உதவும், ரத்த அழுத்தச் சரிவுக்கு ஒன்றும் செய்யாது. உணவில் சேர்கிற அளவு பரவாயில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் சாறு பிழிந்து தினமும் குடிப்பது வேண்டாம். மாத்திரையால் குமட்டல் அதிகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டோபமைனை மூளையில் பெரிதாகத் தொடாத டோம்பெரிடோன் என்ற மருந்து இருக்கிறது. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் இசிஜி பார்த்துத்தான் தருவார்கள்.

அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும் என்பது உண்மை. அதனாலேயே யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளித்தான் ஏற்றுகிறது. பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். பிற்பாடு டாக்டர் ஃப்ளூட்ரோகார்டிசோன் எழுதினால் அதுவும் இதே வேலையைச் செய்யும் மருந்து, இரண்டும் சேரவே கூடாது. தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு மெல்வதைப் பற்றி நான் பேசவில்லை, தினமும் கஷாயம் வேண்டாம் என்கிறேன்.

எலுமிச்சை, உப்பு, தண்ணீர் மூன்றில் எனக்குப் பிடித்தது தண்ணீர். எலுமிச்சையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உப்பைக் கூட்டுவது இந்த நோயில் மருத்துவர்களே சொல்லும் வழிதான். ஆனால் உங்கள் அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். படுத்த அளவு என்ன, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் நீங்களாக உப்பைக் கூட்டக் கூடாது.

தண்ணீருக்கு வருகிறேன். வீட்டு வைத்தியம் என்று நான் தைரியமாகச் சிபாரிசு செய்வது இதைத்தான். சுமார் அரை லிட்டர், அதாவது இரண்டு பெரிய டம்ளர் தண்ணீரை மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்து முடித்தால், நரம்பு பலவீனமானவர்களுக்கு ஐந்து பத்து நிமிடத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கும். அரை மணி நேரத்தில் உச்சம், ஒரு மணி நேரம் வரை தாங்கும். மெல்ல மெல்ல உறிஞ்சிக் குடித்தால் இந்தப் பலன் வராது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர் என்றால் இந்த வேகம் கூடாது, முதலில் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தாலும் வேண்டாம். மற்றபடி நாள் முழுவதுமாக இரண்டு, இரண்டரை லிட்டர் உள்ளே போக வேண்டும். மாலைக்குப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரவில் எழுந்து எழுந்து போவார், நமக்கு அதுதான் ஆபத்தான நேரம்.

காலையில் ஏன் மோசம் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இதே நரம்புக் கோளாறால் படுத்தால் அழுத்தம் ஏறிவிடுகிறது. இரவு முழுவதும் தட்டையாகப் படுத்திருக்கும்போது ஏறிய அழுத்தத்தைக் கண்டு சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். விடியும்போது ரத்தத்தின் கொள்ளளவே குறைந்திருக்கும். ஆகவே கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகள் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது, கழுத்து மடங்குமே தவிர உடம்பு சாயாது. முதல் சில நாள் அப்பா வழுக்கிக் கீழே வருகிறேன் என்று முனகுவார். பழகிவிடும். பகலில் களைப்பாக இருந்தால் சாய்வு நாற்காலி, தட்டையான படுக்கை வேண்டாம். இரவுப் படுத்த அளவு 180-ஐத் தொட்டாலோ அடிக்கடி 160-ஐத் தாண்டினாலோ டாக்டரிடம் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நின்ற அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் பெரும்பாலும் படுத்த அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றும்.

கால்களுக்கான இறுக்கக் காலுறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விரல் இறுகிய ஒருவருக்கு அதை மாட்டுவது தினம் ஒரு போராட்டம், முழங்கால் வரையிலான காலுறையால் பலனும் சொற்பம். வயிற்றைச் சுற்றிக் கட்டும் நெகிழும் பெல்ட் எளிது, பலனும் கூடுதல், ஏனென்றால் ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றுப் பகுதியில்தான். எழுவதற்கு முன் படுத்தபடியே கட்டி, படுக்கப் போகும்போது கழற்றிவிட வேண்டும்.

எழும் விதத்தையும் மாற்ற வேண்டும். படுத்தபடி கணுக்காலை இருபது முப்பது முறை மேலும் கீழும் ஆட்டி, கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கை முஷ்டியை இறுக்கி விட்டு, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். நின்றதும் உடனே நடக்காமல் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பத்து எண்ணட்டும். கால்களைக் குறுக்கே பின்னி நின்று இறுக்குவது நல்ல உத்தி என்று எழுதியிருப்பார்கள். தள்ளாடுகிற பார்கின்சன் நோயாளிக்கு அதை நான் சொல்வதில்லை. கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், தரையானாலும் சரி.

சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் வரை ரத்தம் வயிற்றுக்குத் திரும்புவதால் அழுத்தம் இறங்கும். மாவுச்சத்து நிறைந்த பெரிய சாப்பாடு என்றால் அதிகமாக. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை. சாப்பிட்ட கையோடு குளிக்கப் போவது, சுடுதண்ணீரில் நெடுநேரம் குளிப்பது, மது, மலச்சிக்கலோடு முக்குவது எல்லாம் இதே பள்ளத்தில் தள்ளுபவை. மலச்சிக்கல் பார்கின்சனில் கூடவே வருவது, அதற்குத் தனியாக மருத்துவம் செய்துவிடுங்கள். குளியலறையில் உட்கார்ந்து குளிக்க நாற்காலி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, இரவில் அணையாத சின்ன விளக்கு. சிறுநீரை உட்கார்ந்தே கழிக்கட்டும், இரவில் கட்டிலருகே ஒரு சிறுநீர்க் குடுவை இருந்தால் இன்னும் நல்லது. அப்பாக்கள் இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும். இரண்டு முறை விழுந்த பிறகும் சம்மதிக்கவில்லை என்றால் டாக்டர் வாயால் சொல்லவையுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் போதிய மாற்றம் இல்லை என்றால் மருந்து இருக்கிறது. மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன், டிராக்ஸிடோபா ஆகியவை. மிடோட்ரின் சாப்பிட்டவர் படுப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே கடைசி மாத்திரையை முடித்திருக்க வேண்டும். அதோடு ஹீமோகுளோபின், சோடியம், சர்க்கரை, பி12 ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். நெடுநாள் லெவோடோபா சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அந்தக் குறைவு தனியாகவே நின்றநிலை அழுத்தத்தைப் பாதிக்கும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள், இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நினைவு தப்பி விழுந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ கூட வந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், மலம் கறுத்துப் போனால், விழும்போது தலையில் அடிபட்டால் (ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் சின்ன அடியானாலும்) இந்தப் பதிலையெல்லாம் மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அவசரம் எதுவும் இல்லை என்றால் இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குறித்து வைத்த அளவுகள், எல்லா மாத்திரை அட்டைகளும், கடையில் வாங்கியதும் சேர்த்து, கூடவே அந்தப் பொடி டப்பா. மூன்றும் கையில் இருக்கட்டும். டாக்டர் திட்டுவாரோ என்று பொடியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது தெரியாமல் அவர் லெவோடோபாவைக் குறைத்தோ கூட்டியோ எழுதினால், பொடி நின்ற அடுத்த வாரமே அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.